மிண்டோவா, நிம்ஹான்ஸா? பார்வை மங்கியவர்கள் காணும் மாயக்காட்சிகள்

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ன திட்டோ, பெங்களூரில் நிம்ஹான்ஸ் அந்தத் திட்டு. கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் போதும், 'நிம்ஹான்ஸுக்கு ஆட்டோ பிடிக்கட்டுமா?' என்று கேட்டுவிடுவார்கள். மூளை, நரம்பு, மனநலம் மூன்றுக்கும் நாட்டிலேயே பேர்போன நிறுவனம் ஓசூர் ரோட்டில் இருப்பது ஊருக்குப் பெருமைதான். ஆனால் அதன் பெயர் கிண்டலாகிப் போனதற்கு ஒரு விலை உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர், "ரூம்ல சின்னச் சின்னப் பசங்க உக்காந்திருக்காங்க" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வந்து நிற்பது அந்த ஆஸ்பத்திரிதான். சொன்னவருக்கும் அது தெரியும். அதனால் பலர் சொல்வதே இல்லை. வருஷக்கணக்கில் தனக்குள் வைத்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள்.

இப்படி மறைப்பவர்களில் கணிசமானோருக்குப் புத்தியில் ஒரு குறையும் கிடையாது. பார்வைதான் போயிருக்கிறது. அவர்கள் முதலில் ஏறவேண்டிய படி கண் ஆஸ்பத்திரியின் படி. கே.ஆர். மார்க்கெட் பக்கம் 1913 முதல் அதே கட்டடத்தில் நடக்கும் அரசு மிண்டோ ஆகட்டும், உங்கள் ஏரியாவின் கண் டாக்டர் ஆகட்டும், தொடங்க வேண்டிய இடம் அது.

பார்வை வெகுவாகக் குறைந்தவர்களுக்கு, மனம் தெளிவாக இருக்கும்போதே, இல்லாத உருவங்கள் கண் முன்னால் தெரிவதை மருத்துவத்தில் சார்லஸ் போனே சிண்ட்ரோம் என்கிறார்கள். (நம் ஊர் டாக்டர்கள் வாயில் இது பெரும்பாலும் 'பானட்'.) கண் அழுத்த நோயான கிளாக்கோமா, சுகரால் கெட்ட விழித்திரை, வயதானபின் வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்மானம், முற்றிய கண்புரை, பார்வை நரம்பில் சேதம், பக்கவாதத்தில் போன பாதிப் பார்வை என்று எந்த வழியில் பார்வை போனாலும் இது வரலாம். வயதானவர்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம், பார்வை அதிகம் போவது அந்த வயதில் என்பதுதான். குழந்தைகளுக்கும் வருவதுண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு வருவதில்லை என்றே சொல்லலாம். ஒருகாலத்தில் பார்த்துப் பழகிய மூளைக்குத்தான் இந்த வேலை தெரியும்.

ஸ்ரீராம்புரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பல வருஷச் சுகர், இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தாயிற்று, இருந்தும் நடுப்பார்வை போய்விட்டது. சாயங்காலம், விளக்கு போடுவதற்குச் சற்று முன்னால், கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஜன்னல் பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே மாமா."

"யாருமில்லைன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா தெரியறாங்களே."

தெரிந்தவர்கள் நாலு பேண்டு வாத்தியக்காரர்கள். சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, ஆளுக்கு முழங்கால் உயரம். வாத்தியம் கையில் இருக்கிறது, சத்தம் இல்லை. கோட்டில் பித்தளைப் பொத்தான் வரிசையாகத் தெரிகிறது என்றார். எதிரில் நிற்கும் மருமகளின் முகம் அவருக்கு வெறும் நிழல். ஆனால் இல்லாத ஆளின் பொத்தானை அவரால் எண்ண முடிகிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் இந்தச் சிண்ட்ரோம் பற்றி அறிந்த டாக்டரிடம் சொன்னால் அவர் ஒவ்வொரு விவரத்துக்கும் தலையை ஆட்டுவார். குள்ளமான ஆட்கள், பகட்டான உடுப்பு, தலையில் தொப்பியோ தலைப்பாகையோ, துளி ஓசை கிடையாது, நிஜத்தைவிடத் துல்லியம், அரை வெளிச்சம், சும்மா இருக்கும் நேரம். எல்லாமே உலகம் முழுக்க நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்பவை.

இதை முதலில் எழுதிவைத்தவர் டாக்டர் இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே (1720–1793) பூச்சிகளை ஆராய்ந்தவர். செடியில் ஒட்டும் அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் என்று இருபது வயதில் நிரூபித்துப் பெயர் வாங்கினார். அப்புறம் அவருக்கே கண் மங்கியதால் பூச்சிகளை விட்டுவிட்டு மனம், அறிவு பற்றி யோசிக்கத் தொடங்கினார். 1760இல் வெளியான நூலில் தன் தாத்தா சார்லஸ் லுலேனைப் பற்றி எழுதினார். லுலேன் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்ணூறை நெருங்கியவர், இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியும் பார்வை தேறாதவர். ஞாபகமும் நிதானமும் அப்படியே இருந்தன. அவருக்கு முதலில் தெரிந்தது அந்தரத்தில் மிதக்கும் ஒரு நீலக் கைக்குட்டை, மூலைகளில் மஞ்சள் வட்டம். கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். பிறகு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் வந்தன. ஒருமுறை பேத்திகள் பார்க்க வந்திருந்தபோது, வெள்ளி விளிம்பு வைத்த தொப்பியும் மேலங்கியுமாக இரண்டு வாலிபர்கள் கூட நிற்பதைக் கண்டு, இவ்வளவு லட்சணமான பிள்ளைகளைக் கூட்டிவருவதாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். யாரும் இல்லை என்று பேத்திகள் சத்தியம் செய்ததும் புரிந்துகொண்டார். கிழவர் இதற்கெல்லாம் மிரளவில்லை. நல்ல வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தார். போனேயின் பெயரை இந்த நிலைக்குச் சூட்டியது ஜெனீவாவின் இன்னொரு ஆள், நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் த மோர்சியே, அதுவும் இருபதாம் நூற்றாண்டில்தான். தாத்தாவின் பெயரை வைத்திருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

எல்லோருக்கும் ஆட்கள் தெரிவதில்லை. உண்மையில் ஆட்களைவிடக் கோலங்கள்தான் அதிகம்: செங்கல் சுவர், கம்பிவலை, கட்டம் போட்ட துணி, கிளை கிளையாகப் பிரியும் கோடுகள். சுவரிலும் தட்டிலும் சோற்றிலும்கூட இந்தக் கட்டங்கள் வந்து படியும். சிலருக்கு எழுத்துகள் தெரியும், படிக்கப் போனால் ஒரு வார்த்தையும் தேறாது. இன்னும் சிலருக்கு முகம் மட்டும், உடம்பில்லாமல். கண் பிதுங்கி, பல் நீண்டு, கோணலாக. இதுதான் அதிகம் பயமுறுத்துவது. நாய், பூனை, யானை, பூந்தோட்டம், இதுவரை பார்த்திராத மலைச்சரிவு, ஊர்வலம் என்று பட்டியல் நீளும். சில விநாடியில் போய்விடுவதும் உண்டு, மணிக்கணக்கில் நின்று வதைப்பதும் உண்டு. எவையும் பேசாது. பார்ப்பவரைச் சட்டை செய்யாது. தொட்டால் கை காற்றில் போகும்.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? நாம் பார்க்கிறோம் என்று நினைப்பதில் கண் செய்வது பாதி வேலைதான். கண் அனுப்பும் சமிக்ஞைகளைப் பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் பகுதி வாங்கி, கோடு, நிறம், அசைவு, முகம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி இடம். கண்ணிலிருந்து வரவு நின்றுவிட்டால் அந்த நரம்பணுக்கள் ஓய்ந்துவிடுவதில்லை. வருகிற கொஞ்சநஞ்சத்தைப் பிடிக்கத் தங்கள் உணர்திறனை ஏற்றிக்கொள்கின்றன. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவின் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சல்தானே பெரிதாகும்? அந்த இரைச்சலை மூளை தனக்குத் தெரிந்த உருவங்களாகப் படித்துவிடுகிறது. முகத்துக்கான பகுதி தானே துடித்தால் முகம். கோட்டுக்கும் விளிம்புக்கும் உரிய பகுதி துடித்தால் கட்டமும் கம்பிவலையும்.

வெறும் ஊகமாக இருந்த இதற்கு 1998இல் நல்ல சான்று கிடைத்தது. லண்டனில் டொமினிக் ஃபிட்ச் குழுவினர் இந்தச் சிண்ட்ரோம் உள்ளவர்களை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, காட்சி வரும்போதும் போகும்போதும் சைகை காட்டச் சொன்னார்கள். நிறம் கண்டவருக்கு நிறத்துக்கான பகுதி வேலை செய்தது. முகம் கண்டவருக்கு மூளையின் அடிப்பக்கத்தில் முகங்களை அறியும் பகுதி. ஆக, அவர்கள் 'கற்பனை பண்ணிச் சொல்லவில்லை'. ஒரு முகத்தை மனதில் நினைத்துப் பார்ப்பது வேறு, இது வேறு. மூளையைப் பொறுத்தவரை அவர்கள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

துண்டான கை இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் உணர்பவர்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அந்த மாய உறுப்பு வலிக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்து வைத்தியம் கண்டுபிடித்த வி.எஸ். ராமச்சந்திரன் நம்மவர், சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போய், பிறகு அமெரிக்காவில் சான் டியாகோவில் ஆராய்ச்சி செய்தவர். அவர் போனே சிண்ட்ரோம் பற்றியும் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வரவு நின்றபின் மூளையின் அந்தப் பகுதி சும்மா இருக்க மறுக்கிறது. காது மந்தமானவர்களுக்கு இல்லாத பாட்டு கேட்பதும் இதே வகை. பழைய பாட்டு ஒன்று நாள் முழுக்க ஓடுகிறது, பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தச் சொல் என்று சண்டைக்குப் போகும் பாட்டிகளில் சிலருக்குக் காதைச் சோதிப்பது நல்லது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2004இல் பாஸ்டனிலிருந்து வந்தது. கண் நன்றாகத் தெரியும் 13 பேருக்கு ஐந்து நாள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பத்துப் பேருக்கு மாயக்காட்சி வந்துவிட்டது. சிலருக்கு வெறும் வெளிச்சப் புள்ளி, சிலருக்கு முகங்கள், ஊர்கள், காட்சிகள். கட்டை அவிழ்த்ததும் தீர்ந்தது. நானோ நீங்களோ அந்தப் பதின்மூன்று பேரில் இருந்திருந்தால் நமக்கும் வந்திருக்கலாம். இதைக் கேட்ட பிறகும் 'மாமாவுக்குப் புத்தி பிசகிப்போச்சு' என்று சொல்ல வாய் வருமா?

சரி, இல்லாததைப் பார்க்கும் எல்லோருக்கும் இதுதான் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இங்கேதான் குடும்பங்கள் நிதானிக்க வேண்டும். போனே சிண்ட்ரோமில் காட்சி மட்டும்தான். குரல், வாசனை, தொடுகை எதுவும் கிடையாது. பார்ப்பவருக்குத் தன் காட்சி நிஜமில்லை என்று தெரிந்திருக்கும், அல்லது எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார். உருவங்கள் பேசுகின்றன, கட்டளையிடுகின்றன, தன்னை ஒழிக்கத் திட்டமிடுகின்றன என்றால் அது வேறு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று நாள், கிழமை, ஆள் தெரியாமல் உளறினால் அது டெலிரியம்: சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் சோடியம் குறைவது, சுகர் தாறுமாறாவது, ஆபரேஷனுக்குப் பிந்தைய குழப்பம், திடீரென நிறுத்திய மது. இதற்கு அன்றே ஆஸ்பத்திரி. சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், பார்க்கின்சன் மாத்திரைகள், வலுவான வலி மாத்திரைகள் ஆகியவையும் மாயக்காட்சி தரும். அதனால் டாக்டரிடம் போகும்போது மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போவது உத்தமம்.

குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோய். அதிலும் குழந்தைகளும் விலங்குகளும் தெளிவாகத் தெரியும். ஆரம்பத்தில் நோயாளிக்கே அது பொய் என்றும் தெரிந்திருக்கலாம். கூடவே நடை தளர்ந்து கை கால் இறுகுவது, கவனம் ஒருமணி நேரம் தெளிந்து மறுமணி நேரம் மங்குவது, தூக்கத்தில் கனவை நடித்துக் கையைக் காலை உதைப்பது போன்றவை இருக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நோயாளிக்கு 'பைத்திய மாத்திரை' என்று நாம் சொல்லும் ஆன்டிசைக்காட்டிக் மருந்து கொடுத்தால், குறிப்பாக ஹாலோபெரிடால், உடம்பு மரக்கட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவரை நரம்பியல் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். அப்போது நிம்ஹான்ஸ் சரியான இடம்தான்; வெட்கத்துக்கு அங்கே வேலை இல்லை.

கண் டாக்டரிடம் அவசரமாக ஓடவேண்டியவையும் உண்டு: திடீரென்று மின்னல் வெட்டுவது, கரும்புள்ளி மழையாகக் கொட்டுவது, ஒரு பக்கம் திரை விழுவது. அவை விழித்திரை கழன்றுகொள்வதன் அடையாளமாக இருக்கலாம். 'அதான் அந்தப் பிரமை' என்று அதையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேசுவது பெரியவர் இல்லை. மகனோ பேரனோ கன்னடத்திலோ இங்கிலீஷிலோ சுருக்கிச் சொல்கிறான். பெரியவர் சொன்னது, "பேண்டுக்காரங்க தெரியறாங்க, பொய்யின்னு எனக்குத் தெரியுது, ஆனாலும் வராங்க." பேரன் சொல்வது, "தாத்தாவுக்கு ஆளுங்க தெரியறாங்களாம்." நடுவில் விழுந்துபோன துண்டுதான் நோயை அடையாளம் காட்டும் துண்டு. எதிரில் இருக்கும் டாக்டருக்குக் காத்திருப்போர் வரிசை வாசல்வரை. அவர் இரண்டு கேள்வியில் தூக்க மாத்திரையோ மனநல டாக்டருக்கு ஒரு சீட்டோ எழுதிவிட்டால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அதனால், போவதற்கு முன்னால் பெரியவரிடமே உட்கார்ந்து நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது தெரிகிறது, எவ்வளவு நேரம், சத்தம் உண்டா, நிஜம் என்று நினைக்கிறாரா. அவர் வார்த்தையிலேயே அதை டாக்டரிடம் ஒப்பியுங்கள், சுருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் போகும் இடங்கள் வேறு இருக்கின்றன. அல்சூரில் வேப்பிலை அடிப்பவர், விவேக்நகர் குழந்தை யேசு கோயிலில் ஒரு வியாழக்கிழமை, தர்காவில் ஒரு மந்திரித்த கயிறு. நம்பிக்கையை நான் கேலி செய்யப் போவதில்லை; பயந்து கிடக்கும் பாட்டிக்கு ஒரு கை விபூதி தரும் தைரியம் சில நேரம் மாத்திரை தராது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனே சிண்ட்ரோமில் வரும் உருவங்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். கணவனையோ மனைவியையோ இழந்தவர்களுக்கு இறந்தவர் குரல் கேட்பதும் உருவம் தெரிவதும் துக்கத்தில் இயல்பாக நடப்பது, அது வேறு கணக்கு. இங்கேயோ, யாரென்றே தெரியாத ஒரு முகத்துக்குக் குடும்பம்தான் பெயர் வைக்கிறது. செத்துப்போன மாமியார், கும்பிடாமல் விட்ட குலதெய்வம், பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை. அதுவரை வெறும் காட்சியாக இருந்தது அன்றிலிருந்து பகையாகிவிடுகிறது. பெரியவரின் பயத்தில் பாதியை நாமே தயாரித்துக் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம்.

எத்தனை பேருக்கு வருகிறது? 1996இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் பார்வைக் குறைபாடுள்ள 505 பேரில் 60 பேருக்கு இது இருந்தது. யாரைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறும். கேட்காவிட்டால் யாருமே சொல்லமாட்டார்கள் என்பதுதான் காரணம். நம் நாட்டில் 2015–19 தேசியக் கணக்கெடுப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் 1.99 சதவீதத்தினர் பார்வையற்றவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் ஆபரேஷன் செய்யாமல் விட்ட கண்புரை. இந்தக் கணக்கில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. புரையை எடுத்துப் பார்வை திரும்பினால் மாயக்காட்சியும் பல நேரம் போய்விடும். 'இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்' என்று தள்ளிப்போடும் வீடுகள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

புரை இல்லாத மற்றவர்களுக்கு? முன்பெல்லாம், ஒன்று ஒன்றரை வருஷத்தில் தானாக அடங்கிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். ஃபிட்ச் குழுவினர் மாகுலா நோயாளிகளிடம் விசாரித்து 2014இல் வெளியிட்டதில் அந்த ஆறுதல் உடைந்தது. ஐந்து வருஷம் தாண்டியும் பலருக்குக் காட்சி நிற்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது நிஜமான துன்பம்: பயம், தூக்கமின்மை, வெளியே போகத் தயக்கம். இது என்னவென்று முன்பே தெரியாமல் மாட்டியவர்கள்தான் அதிகம் அல்லல்பட்டார்கள். ஆகவே 'ஒண்ணும் பண்ணாது, விடுங்க' என்ற ஒற்றை வரி போதாது. பார்வை இனித் தேறாது என்று சொல்லும் அன்றே, 'இல்லாதது தெரியலாம், தெரிந்தால் பயப்படாமல் என்னிடம் சொல்லுங்கள்' என்று கண் டாக்டர் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டால் மிச்சமாகும் துன்பம் கொஞ்சமல்ல. அதற்கு ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், அரை நிமிஷம் வேண்டும்.

பிரிட்டனில் ஜூடித் பாட்ஸ் என்பவர் தன் தாய் எஸ்மி இதனால் பட்ட பாட்டைப் பார்த்து, 'எஸ்மியின் குடை' என்ற பெயரில் ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறார். நவம்பர் 16 இதற்கான விழிப்புணர்வு நாள். கொரோனா ஊரடங்கில் தனியே அடைபட்ட முதியவர்களுக்குக் காட்சிகள் அதிகமானதையும் அங்கே கவனித்தார்கள். நம் அடுக்குமாடிகளில் மகனும் மருமகளும் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குக் கிளம்பியபின் இரவு எட்டுவரை தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தினமும் ஊரடங்குதான்.

காட்சி வந்தால் அந்த நேரத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவில்லை. முதலில் விளக்கு: அரை இருட்டில் வந்தால் போடவேண்டும், பளிச்சென்ற வெளிச்சத்தில் வந்தால் அணைக்க வேண்டும். எழுந்து நாலடி நடக்கலாம். டிவியோ ரேடியோவோ போடலாம். உருவத்தை நோக்கிக் கையை நீட்டினால் பல நேரம் கலைந்துவிடும். ஃபிட்ச் சொல்லித்தரும் முறை ஒன்று: தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகப் பதினைந்து முப்பது விநாடி ஓட்டுவது, கொஞ்சம் நிறுத்தி மறுபடியும், நாலைந்து தடவை. ஸ்ரீராம்புரத்துப் பெரியவருக்கு இது பாதிதான் வேலை செய்தது. அவர் கண்டுபிடித்த முறை பேண்டுக்காரர்களை உரக்க அதட்டுவது. மருமகள் முதலில் பதறினார். இப்போது, "என்ன மாமா, செட்டு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு டியூப்லைட்டைப் போடுகிறார்.

வீட்டுக்கு வெளியே விஷயம் அவ்வளவு இலேசில்லை. ரோட்டின் குறுக்கே இல்லாத வேலி தெரிந்தால் கால் நின்றுவிடும். இல்லாத படி தெரிந்தால் காலைத் தூக்கி வைத்து விழுந்துவிடுவார். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எல்லாம் பிரமைதான் என்று பழகியவர் நடுத்தெருவில் நிற்கும் மாட்டையும் பிரமை என்று நினைத்து நேரே நடந்துவிடலாம், பெங்களூரில் அந்த மாடு நிஜமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு வெள்ளைக் கோல் இங்கே கண்ணைவிட நம்பகமான சாட்சி.

மருந்து என்று பார்த்தால், இதற்கென்றே ஏற்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. மனநோய், வலிப்பு, டிமென்ஷியா மருந்துகள் சில இங்கொருவர் அங்கொருவருக்குப் பலன் தந்திருக்கின்றன. வயதானவர்களுக்கு அவற்றின் பக்கவிளைவு பலனைவிடப் பெரிதாகிவிடும் என்பதால், காட்சி மிகவும் வதைத்தால் மட்டும், நிபுணர் மேற்பார்வையில்தான் யோசிக்கிறார்கள். பின்மண்டையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, துள்ளும் நரம்பணுக்களை அடக்கும் முறையை நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சோதித்ததில் காட்சி வரும் தடவைகள் குறைந்தன. அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான். கையில் கிடைப்பது, மிச்சமிருக்கும் பார்வையை முழுதாகப் பயன்படுத்துவது: புரை இருந்தால் எடுப்பது, மாகுலாவுக்கு ஊசி தேவையென்றால் தவணை தவறாமல் போட்டுக்கொள்வது, சுகரை அடக்குவது, கண்ணாடிப் பவரைப் புதுப்பிப்பது. 'இனி கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை' என்று கைவிரிக்கப்பட்டவர்களுக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் லோ விஷன் பிரிவு இருக்கும். உருப்பெருக்கிகள், பெரிய எழுத்துக் கருவிகள், விளக்கை எங்கே வைத்துப் படிப்பது என்ற பயிற்சி எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வரவு கொஞ்சம் கூடினாலும் அது காட்சியைக் குறைக்க உதவலாம். சீட்டு வாங்கும் இடத்திலேயே, இன்று லோ விஷன் டாக்டர் வருகிறாரா, எந்த நாளில் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.